மாங்கன்று நடும் நாளில் யார் கணக்குப் போடுவது?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாம்பழப் பருவம் வந்தால் இரண்டு காட்சிகளைத் தவறாமல் பார்க்கலாம். சந்தூர், காவேரிப்பட்டணம் பக்கம் மண்டிகளுக்கு முன்னால் காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். ஆட்சியர் அலுவலகத்தில் முத்தரப்புக் கூட்டம் நடக்கும், அல்லது அதை நடத்தச் சொல்லிக் கோரிக்கை எழும். விவசாயிகள் ஒரு பக்கம், மாங்கூழ் ஆலைக்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் அதிகாரிகள். பெங்களூரா ரகத்துக்குக் கிலோ என்ன விலை என்பதுதான் பேச்சு. காயோ மரத்தில் முற்றி நிற்கிறது. பறிக்காவிட்டால் உதிர்ந்துவிடும், பறித்தால் இரண்டு மூன்று நாளில் விற்றாக வேண்டும். இந்த நிலையில் உட்கார்ந்து பேரம் பேசினால் யார் கை ஓங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

2025 பருவத்தில் விலை கிலோ 5 ரூபாய் அளவுக்கு விழுந்தது. பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் போனால் கையில் ஒன்றும் நிற்காது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது. ஆலை 8 ரூபாய் தர வேண்டும், மீதி 4 ரூபாய் அரசு தரும். உடனே பக்கத்து மாநிலக் காய் அங்கே போகப் பார்க்கும் அல்லவா? கர்நாடகக் காய் உள்ளே வரக்கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

சந்தையே இல்லாமல், மக்கள் கூடிப் பேசித் திட்டம் போட்டு, ஒரு பொருளாதாரத்தை நடத்திவிட முடியுமா என்ற கேள்விக்கு நூறு வயது தாண்டிவிட்டது. பொருளாதாரம் படித்தவர்கள் அதைப் பெரும்பாலும் ரஷ்யாவை வைத்தே பேசுவார்கள். எனக்கு அது புரிந்தது மாங்காயை வைத்துத்தான்.

வாதத்தைத் தொடங்கி வைத்தவர் லுட்விக் வான் மீசஸ். ஆஸ்திரியாக்காரர், 1920-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஆலை, இயந்திரம், நிலம் எல்லாம் பொதுவுடைமை ஆகிவிட்டால் அவற்றை யாரும் வாங்கப்போவதில்லை, விற்கப்போவதில்லை. வாங்கல் விற்றல் இல்லையென்றால் விலை இல்லை. விலை இல்லையென்றால் எது மலிவான வழி, எது வீண் செலவு என்று கணக்கே போட முடியாது. இதுதான் அவர் வாதம். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு ரயில் பாதை: அதைப் போடலாமா கூடாதா, போட்டால் எந்த வழியில் போடுவது?

மொரப்பூர் தர்மபுரி ரயில் பாதைக்காகப் பல பத்தாண்டு காத்திருந்த ஊர்க்காரர்களுக்கு இந்த உதாரணம் கொஞ்சம் சிரிப்பை வரவழைக்கும். இங்கே சந்தை இருக்கிறது, விலையும் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பாதை வேண்டுமா வேண்டாமா என்பதைச் சந்தை முடிவு செய்யவில்லை. மனு, போராட்டம், தேர்தல் வாக்குறுதி, ரயில்வேயின் வருவாய்க் கணக்கு எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்தன. ஆனால் மீசஸ் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த வருவாய்க் கணக்கில் இருக்கும் இரும்பு விலை, சிமென்ட் விலை, கூலி எல்லாம் எங்கிருந்து வந்தன? வெளியே இருக்கும் சந்தையிலிருந்துதான்.

இதே சங்கடத்தை உழவர் சந்தையிலும் பார்க்கலாம். 1999-ல் மதுரையில் தொடங்கிய திட்டம். ஓசூர், தர்மபுரி சந்தைகளில் காலையில் போனால் விலைப்பலகை தொங்கும். மொத்த விலைக்கு மேலே, கடை விலைக்குக் கீழே ஒரு விலையை அதிகாரிகள் வைப்பார்கள். விற்கிறவரும் ஏற்றுக்கொள்கிறார், வாங்குகிறவரும் பேரம் பேசாமல் வாங்குகிறார். போலந்துப் பொருளாதார அறிஞர் ஆஸ்கர் லாங்கே 1930-களில் மீசஸுக்குச் சொன்ன பதில் ஏறக்குறைய இதுதான்: திட்டக் குழு ஒரு விலையை அறிவிக்கட்டும், சரக்கு தேங்கினால் குறைக்கட்டும், தட்டுப்பாடு வந்தால் ஏற்றட்டும், சந்தை செய்வதைக் குழுவும் செய்யலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் விலைப்பலகை, பக்கத்து மொத்தச் சந்தையைப் பார்த்து எழுதுகிற பலகை. உலகமெல்லாம் பொதுவுடைமை ஆனாலும் விலை தெரிந்துகொள்வதற்காக ஒரு நாட்டை மட்டும் முதலாளித்துவமாக விட்டு வைக்க வேண்டும் என்று சோவியத் காலத்தில் ஒரு நகைச்சுவை உண்டு. அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

சரி, விலையைச் சந்தையில்தான் கண்டுபிடிக்க வேண்டுமா? இல்லை என்று காட்டியவர் சோவியத் கணித அறிஞர் லியோனித் கான்டரோவிச். 1938-ல் லெனின்கிராட் ஒட்டுப்பலகை ஆலைக்காரர்கள் ஒரு கணக்கோடு அவரிடம் வந்தார்கள். எட்டு இயந்திரம், ஐந்து வகை மரம். எந்த இயந்திரத்தில் எந்த மரத்தை எவ்வளவு நேரம் ஓட்டினால் உற்பத்தி அதிகம் வரும்? அதைத் தீர்க்க அவர் கண்ட முறைதான் இன்று நேரியல் திட்டமிடல் எனப்படுகிறது. 1975-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கணக்கைத் தீர்க்கும்போது விடையோடு கூடவே ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு எண் வந்து நின்றது. அந்த இயந்திரம் இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்தால் எவ்வளவு லாபம் என்று அது சொன்னது. யாரும் வாங்கவில்லை, விற்கவில்லை. ஆனாலும் விலை மாதிரி ஒன்று பிறந்துவிட்டது. நிழல் விலை என்கிறார்கள்.

நம் ஊரில் இதற்குச் சரியான இடம் கே.ஆர்.பி. அணை. தென்பெண்ணைத் தண்ணீர் இடது, வலது வாய்க்கால்களில் 9,012 ஏக்கருக்குப் பாய்கிறது. தண்ணீரை யாரும் ஏலம் விடுவதில்லை. அணையில் இருப்பு எவ்வளவு, எத்தனை நாள் திறக்கலாம், எந்தப் பக்கம் முறை என்று பேசித் திறக்கிறார்கள். தண்ணீர் குறைந்த வருடத்தில் ஒரு நாள் முறை கூடுதலாகக் கிடைப்பதன் மதிப்பு என்ன என்று கடைமடைக்காரரைக் கேளுங்கள், துல்லியமாகச் சொல்லுவார். நிழல் விலை அவர் வயிற்றில் இருக்கிறது. ஆக, அளவு முறையில் பங்கிடுவது ஒன்றும் கற்பனை இல்லை. பொருள் ஒன்றுதான், அளக்க முடியும், வேண்டியவர்கள் யார் என்று தெரியும் என்றால் சந்தை இல்லாமலே நடக்கிறது. சண்டையோடுதான் நடக்கிறது, ஆனால் நடக்கிறது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரும் அப்படித்தான். கிணற்று நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களில் அது தாண்டியிருந்தது. பல் பழுப்பேறி, மூட்டு விறைத்த ஒரு தலைமுறையே உண்டு. அந்தப் பற்களைப் பார்த்து எந்தச் சந்தையும் குழாய் போடவில்லை. அரசு போட்டது. 2013 மே மாதம் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது.

தண்ணீருக்குச் சரி. தக்காளிக்கு?

பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளி ஒரு தனி உலகம். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அதே சந்தையில் கூடையோடு சாலை ஓரத்தில் கொட்டிவிட்டுப் போன நாட்களையும் நாம் பார்த்திருக்கிறோம். இதில் விலை ஒரு வேலையை நன்றாகவே செய்கிறது. கோலார் பக்கம் மழையில் செடி அழுகியதா, வைரஸ் வந்ததா, வடக்கே லாரி நின்றதா என்பதெல்லாம் பாலக்கோட்டு மண்டிக்குத் தெரிய வேண்டியதில்லை. காலையில் விலை ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். பறிக்கலாமா, இரண்டு நாள் விடலாமா என்பதை அதை வைத்தே முடிவு செய்துவிடலாம். பொருளாதார அறிஞர் ஃபிரெட்ரிக் ஹாயக் 1945-ல் எழுதியது இதைத்தான். ஆயிரம் பேர் தலையில் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தகவல்களை எந்தத் திட்ட அலுவலகமும் திரட்ட முடியாது, விலை அவற்றைச் சுருக்கி ஒரே எண்ணில் கொடுத்துவிடுகிறது என்றார்.

அவரை மறுக்க நினைப்பவர்கள் இன்று கணினியைக் காட்டுகிறார்கள். பால் காக்‌ஷாட், ஆலின் காட்ரெல் என்ற இருவர் 1993-லேயே, ஒரு நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கையும் கணினியால் தீர்த்துவிடலாம் என்று விரிவாக வாதாடினார்கள். சோவியத் திட்ட அலுவலகம் ஒரு காலத்தில் சில ஆயிரம் பொருட்களின் வரவு செலவைச் சமன்படுத்தவே திணறியது. இப்போது கணக்குப் போடுவது கஷ்டமில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். என் சந்தேகம் கணக்குக்கு முந்தைய இடத்தில் இருக்கிறது. கணினிக்குள் போகிற தகவலை யார் கொடுப்பது?

அடங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பதிவேடு. வேளாண் திட்டம் எதுவாக இருந்தாலும் அடித்தளம் அதுதான். அதில் ராகி என்று இருக்கும், நிலத்தில் தக்காளி நிற்கும். இதற்கு யாரையும் திட்ட வேண்டியதில்லை. போன வருடப் பதிவு அப்படியே தொடர்ந்திருக்கும், அல்லது நிலத்துக்காரரே ஏதோ ஒரு கடனுக்காக அப்படிச் சொல்லியிருப்பார். சோவியத் ஆலை மேலாளர்களும் இதைத்தான் செய்தார்கள். உற்பத்தித் திறனைக் குறைத்துச் சொல்வார்கள், மூலப்பொருளைக் கூட்டிக் கேட்பார்கள், அதற்கு மேலும் வேண்டியதை அலைந்து வாங்கி வரத் தனியாக ஆள் வைத்திருப்பார்கள். தொல்காச் என்று அவர்களுக்குப் பெயரே இருந்தது. எடையை வைத்து இலக்கு கொடுத்ததால் அலங்கார விளக்குகளைத் தேவையில்லாமல் கனமாகச் செய்கிறார்கள் என்று குருஷ்சேவே குறைபட்டிருக்கிறார்.

நமக்கும் இந்த அனுபவம் கொஞ்சம் உண்டு. 1982-ல் பாதிக் கட்டுப்பாடு நீங்கும் வரை சிமென்டுக்கு பர்மிட் வேண்டும். எங்கள் வீட்டுத் திண்ணை நான் பிறப்பதற்கு முன்னால் அப்படிக் கட்டியது. மூன்று மூட்டை போதும் என்றிருந்தும் எட்டு மூட்டை தேவை என்று மனு எழுதிக் கொடுத்து, நாலு மூட்டை கிடைத்ததாக அப்பா இன்றும் சொல்வார். பொய் சொன்னவர் அவர்தான், ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு மூட்டைதான் கிடைத்திருக்கும்.

இங்கேதான் ‘ஜனநாயகத் திட்டமிடல்’ என்பதில் உள்ள ‘ஜனநாயக’ என்ற சொல் உள்ளே வருகிறது. மேலே இருந்து இலக்கு கொடுத்தால் கீழே இருந்து பொய்தான் வரும். முடிவெடுப்பதில் பங்கு கொடுத்தால் உண்மை வரலாம் என்பது மக்கள் கூடித் திட்டமிடலாம் என்பவர்களின் வாதம். அமெரிக்கர்களான மைக்கேல் ஆல்பர்ட்டும் ராபின் ஹானலும் 1991-ல் முழுக்கச் சந்தையற்ற ஒரு வடிவத்தையே வரைந்து காட்டினார்கள். வேலை செய்பவர்களுக்குக் குழு, நுகர்பவர்களுக்குக் குழு. நுகர்பவர்கள் வரும் வருடம் தங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதித் தருவார்கள், ஆலைக் குழுக்கள் எவ்வளவு செய்ய முடியும் என்று எழுதித் தரும். இரண்டும் பொருந்தும் வரை பட்டியல்கள் மேலும் கீழும் போய் வரும்.

முதலில் படித்தபோது சிரிப்புதான் வந்தது. அடுத்த வருடம் எத்தனை கிலோ வெங்காயம் வாங்குவேன் என்று பென்னாகரத்தில் யார் எழுதித் தருவார்கள்? அப்புறம் தீபாவளிச் சீட்டு நினைவுக்கு வந்தது. மாதாமாதம் பணம் கட்டி, தீபாவளிக்கு இன்ன எண்ணெய், இன்ன இனிப்பு, இத்தனை பட்டாசு என்று பத்து மாதம் முன்னாலேயே சொல்லி வைப்பதும் தேவையை முன்கூட்டித் தெரிவிப்பதுதானே? லட்சக்கணக்கான குடும்பங்கள் சத்தமில்லாமல் இதைச் செய்கின்றன. சீட்டு நடத்துபவர் ஓடிப்போவது தனிக் கதை. ஆக, மக்களால் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது தவறு. எல்லாவற்றுக்கும் சொல்லச் சொன்னால்தான் சலித்துவிடுவார்கள். திடீர்க் கல்யாணத்துக்கும் திடீர்ச் சாவுக்கும் யாரும் பட்டியல் கொடுக்க முடியாது.

ராகி கதையையும் சொல்ல வேண்டும். ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். தமிழ்நாட்டின் பெருமை அது, மறுப்பதற்கில்லை. ஆனால் களி தின்று வளர்ந்த இந்தப் பக்கத்துக்கு வந்ததும் அரிசிதான். உணவு என்றால் அரிசி என்று முடிவு செய்தவர்கள் களியைப் பிசைந்தவர்கள் அல்ல. 2023-ல்தான் நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரும் திட்டம் வந்தது. ராகியை இந்தப் பக்கத்து விவசாயிகளிடமே ஆதார விலைக்குக் கொள்முதல் செய்தார்கள். அந்தப் பருவத்தில் குவிண்டாலுக்கு 3,578 ரூபாய். இதில் விலைச் சமிக்ஞை எதுவும் கிடையாது. ஆனால் கடையில் ராகி மூட்டை எவ்வளவு வேகமாகக் காலியாகிறது, எவ்வளவு தேங்கி வண்டு பிடிக்கிறது என்ற செய்தி இருக்கிறது. இருப்பைப் பார்த்தே அடுத்த மாதத்தைத் திட்டமிடலாம். கூடவே, கேட்கும் காது ஒன்று வேண்டும். அது வருவதற்குத்தான் இத்தனை வருடம் ஆனது.

கூடிப் பேசுவதில் இருக்கும் சிக்கலையும் மறைக்கக் கூடாது. கேரளம் 1996-ல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. பெரிய காரியம். அங்கேயும் திட்டமிடப்பட்டது பொதுச் செலவுதான். கடைகளும் சந்தைகளும் அப்படியே இருந்தன. நம் கிராம சபையைப் பார்த்தால் இன்னும் அடக்கம் வேண்டும். தர்மபுரிப் பக்கம் உழைக்கும் வயதில் இருப்பவர்களில் பலர் பெங்களூரிலோ திருப்பூரிலோ இருப்பார்கள். கையெழுத்துப் போட நூறு நாள் வேலைக்காரப் பெண்களை உட்கார வைப்பார்கள். பேசுகிறவர் யார், பின்னால் நிற்கிறவர் யார் என்பதைச் சாதி முடிவு செய்யும். இந்தச் சபை கையில் வெங்காயம் முதல் விசையாழி வரை கொடுத்துவிட்டால் சர்வாதிகாரத்துக்கு வேறு பெயர் வைத்ததாகத்தான் ஆகும்.

சிலி நாட்டில் 1971-ல் அலெண்டேயின் சோஷலிச அரசு, பிரிட்டனின் மேலாண்மை அறிஞர் ஸ்டாஃபோர்ட் பீரை அழைத்து, அரசு ஆலைகளை டெலக்ஸ் என்ற தட்டச்சுத் தந்திக் கருவிகளால் தலைநகரோடு இணைக்கத் தொடங்கியது. 1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே லாரி இருக்கிறது என்று அந்த டெலக்ஸ் வழியாகவே பார்த்துப் பொருட்களை நகர்த்தினார்கள். 1973 செப்டம்பர் ராணுவக் கவிழ்ப்போடு எல்லாம் முடிந்தது. இரண்டே வருட முயற்சியை வைத்து வென்றது, தோற்றது என்று இரு தரப்பும் சத்தியம் செய்வது எனக்குப் பிடிப்பதில்லை.

திட்டமிடல் என்றாலே அரசு என்று நினைப்பவர்கள் ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு நடை போய் வரலாம். பெரிய வாகன ஆலை ஒன்று, மாதத்துக்கு எத்தனை வண்டி, வாரத்துக்கு எத்தனை உதிரிபாகம் என்று சின்னப் பட்டறைகளுக்கு ஷெட்யூல் அனுப்பும். ஆலைக்குள் வெல்டிங் பிரிவு பெயின்ட் பிரிவுக்கு எதையும் விற்பதில்லை. ஆணை போகிறது, பொருள் நகர்கிறது. பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் 1937-லேயே கேட்டார்: சந்தை அவ்வளவு சிறந்தது என்றால் நிறுவனம் என்ற ஒன்று ஏன் இருக்கிறது? ஓசூரில் திட்டமிடலுக்குப் பஞ்சமே இல்லை. அந்தத் திட்டத்தில் லேத் ஓட்டுகிறவருக்கு ஒரு வார்த்தையும் இல்லை. ஷெட்யூல் பாதியாகக் குறைந்தால் பட்டறை மூடும் நாளில்தான் அவருக்குத் தெரிய வரும்.

மறுபடியும் மாங்காய்க்கு வருகிறேன். தக்காளிக்கு விலை செய்த உதவியை மாமரத்துக்குச் செய்வதில்லை. ஒட்டுக்கன்று நட்டால் நாலைந்து வருடத்தில் காய்க்கத் தொடங்கும், முழு மகசூலுக்கு ஏறக்குறையப் பத்து வருடம். இன்றைய விலையைப் பார்த்து நடுகிறவர் பத்து வருடம் கழித்து வரும் விலையைப் பார்த்தா நடுகிறார்? விலை ஏறிய வருடம் எல்லோரும் நடுவார்கள், எல்லாம் ஒன்றாகக் காய்க்கும், விலை விழும், எல்லோரும் வெட்டுவார்கள். பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டோர் 1934-ல் இதற்குச் சிலந்தி வலை என்று பெயர் வைத்தார். வரைபடம் போட்டால் கோடுகள் வலை மாதிரியே சுற்றும். நடுவில் மாட்டுவது யார் என்பதை அவர் வரையவில்லை.

பாட் டிவைன் என்ற பிரிட்டன் பொருளாதார அறிஞர் 1988-ல் செய்த ஒரு பிரிவினை இந்த இடத்தில் உதவுகிறது. இருக்கிற பொருளை வாங்குவதும் விற்பதும் ஒன்று. எங்கே புது ஆலை, எதில் முதலீடு, எதை மூடுவது என்பதைச் சந்தையின் போக்கிலேயே விட்டுவிடுவது இன்னொன்று. முதலாவது இருக்கட்டும், இரண்டாவதை மட்டும் அதனால் பாதிக்கப்படுகிறவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும் என்றார் அவர். எனக்கு இது ஏற்புடையதாகப் படுகிறது. சந்தையை முழுக்க ஒழித்துவிட முடியுமா என்றால், தக்காளி விற்கும் காலை நேரத்தில் முடியாது, அவசியமும் இல்லை. ஆனால் பெங்களூரா இன்னும் எத்தனை ஏக்கர், கூழாலை இன்னும் எத்தனை, வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் கூழ் நின்றால் யார் நஷ்டத்தைச் சுமப்பது என்பதெல்லாம் கூட்டத்தில் பேசத் தகுந்த விஷயங்கள். ஆலைகளுக்குத் தங்கள் கொள்ளளவு தெரியும், ஏற்றுமதிக்காரர்களுக்கு அடுத்த வருட ஆர்டர் ஓரளவு தெரியும், நாற்றுப் பண்ணைகளுக்கு எவ்வளவு கன்று போகிறது என்று தெரியும். மூன்றும் மூன்று பேர் பையில் இருக்கின்றன. இந்த விஷயத்தைப் பொறுத்தவரை ஹாயக் சொன்ன சிதறல் உண்மைதான், ஆனால் அதைத் திரட்ட ஒரு கூடமும் ஒரு நாளும் போதும். அந்தக் கூடம் ஏற்கெனவே இருக்கிறது. முத்தரப்புக் கூட்டத்துக்கு நாற்காலி போடுகிறார்கள். காய் முற்றிய பிறகு போடுகிறார்கள், விலையை மட்டும் பேசுகிறார்கள்.

போன ஆடியில் சித்தப்பா பதினைந்து வயது மரங்களில் இருபதை வெட்டி விறகுக்குக் கொடுத்தார். குழி காய்ந்துகொண்டிருந்தது. “நீ படிக்கிறவனாச்சே, என்ன நடலாம் சொல்லு” என்றார். யாரைக் கேட்டால் சரியாகத் தெரியும் என்று எனக்கே தெரியவில்லை. நான் யோசித்துக்கொண்டு நின்றபோது அவர் வரப்பைத் தாண்டிப் போய்ப் பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசிவிட்டு வந்தார்.

“அவங்க கொய்யா போடறாங்களாம். இந்த வருசம் கொய்யா நல்ல விலையாம். நாமும் அதையே போட்டுடலாம்பா.”